எலும்பு கூடிவிட்டது, விரல் மடங்கவில்லை

மாவுக்கட்டைப் பிரித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். மணிக்கட்டு எலும்பு துளிகூட விலகாமல் கூடியிருந்தது. மாணவர்களுக்குக் காட்ட எடுத்துவைக்கலாம், அப்படி ஒரு படம். "அருமையா சேர்ந்திருக்கும்மா" என்றேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "எலும்பு கூடிடுச்சுங்கறீங்க, விரல் மடங்க மாட்டேங்குதே டாக்டர்?" என்று கையை நீட்டினார். விரல்கள் பளபளவென்று வீங்கி, கணுக்களின் மேலிருக்கும் சுருக்கங்கள் மறைந்துபோயிருந்தன. மடக்கச் சொன்னேன். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் என் இரண்டு விரல்களை நுழைக்க முடிந்தது.

அவருக்கு 58 வயது. வழுக்கி விழும்போது கையை ஊன்றியதில் முறிந்தது. "ஆறு வாரமும் கையை அசைக்காம பத்திரமா வெச்சிருந்தேன்" என்றார். தப்பு அவருடையது இல்லை, என்னுடையது. கட்டுப் போட்ட அன்று வெளியே கூட்டம். "விரலை அசைச்சுக்கிட்டே இருங்க" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருப்பேன். வலியில் இருந்தவர் காதில் அது எங்கே விழப்போகிறது? எப்படி, எவ்வளவு என்று செய்துகாட்டவில்லை. எலும்பு ஆறு வாரத்தில் தன் வேலையை முடித்துவிட்டது. விரல்களைப் பெருமளவு மீட்கவே நான்கு மாதம் பிடித்தது.

இது ஏன் நடக்கிறது? அடிபட்ட இடத்தில் ஊறும் நீரில் புரதம் இருக்கிறது. கை அசைந்துகொண்டிருந்தால் தசைகள் அந்த நீரைப் பிழிந்து மேலே அனுப்பிவிடும். அசையாவிட்டால் அது அங்கேயே தங்கி, மூட்டைச் சுற்றியுள்ள உறைகளையும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அதோடு, விரல் அடி மூட்டின் இரு பக்கமும் எலும்பை எலும்போடு பிணைத்திருக்கும் தசைநார்களுக்கு ஒரு குணம் உண்டு. விரல் நீட்டியிருக்கும்போது அவை தளர்ந்திருக்கும், மடக்கும்போது இழுபடும். நீட்டிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் தளர்ந்த அளவிலேயே சுருங்கிவிடும். அப்புறம் மடக்க நினைத்தாலும் நீளம் போதாது.

அதனால்தான் சாதாரண மணிக்கட்டு முறிவுக்கான கட்டு, உள்ளங்கையில் விரல்கள் மடங்கும் ரேகைக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும். கட்டோடு வீட்டுக்குப் போகிறவர் விரல்களை முழுதாக மடக்கி, நுனி உள்ளங்கையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு முழுதாக விரிக்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை, பத்துப் பத்துத் தடவை. விரல் நுனியை ஆட்டிவிட்டு "அசைச்சேன்" என்று சொன்னால் கணக்கில் சேராது. முழங்கை, தோள் இரண்டையும் நாளுக்கு நாலைந்து முறை முழு வீச்சில் தூக்கி இறக்க வேண்டும். மணிக்கட்டு முறிந்து கட்டோடு வந்தவர், கையைத் தொட்டிலில் தொங்கவிட்டபடியே இருந்து தோளையும் இறுக்கிக்கொண்டு போவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். உங்கள் முறிவுக்கு எந்த அசைவு கூடாது என்பதை மட்டும் கட்டுப் போட்டவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியல் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும்.

மாவு தடவிய துணிச்சுருளை 1852-ல் விவரித்தவர் அந்தோனியஸ் மதைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர். போர்க்களத்தில் சீக்கிரம் இறுகும் கட்டு தேவைப்பட்டது, கண்டுபிடித்தார். இன்றுவரை அதற்கு மவுசு குறையவில்லை. ஆனால் முறிந்த எலும்புக்கு அது மருந்து என்றால், பக்கத்து மூட்டுக்குத் தண்டனை. பிளேட், ஸ்க்ரூ, கம்பி வைத்து அறுவை செய்வதன் முக்கியமான ஆதாயமும் இதில்தான் இருக்கிறது. அறுவை செய்ததால் எலும்பு வேகமாகக் கூடிவிடாது. மூட்டைச் சீக்கிரம் அசைக்க விடலாம், அவ்வளவுதான். "பிளேட் வெச்சாச்சு, இனி கவலையில்லை" என்று கையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தால் அந்த அறுவையின் பாதிப் பயன் வீண்.

கட்டைப் பற்றி இன்னொன்று. போட்ட முதல் ஒன்றிரண்டு நாளில் வலி குறைந்துகொண்டே வர வேண்டும். மாத்திரைக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போனால், அடுத்தவர் உங்கள் விரலை மெல்ல நீட்டிவிடும்போது உயிர் போகிற மாதிரி வலித்தால், விரல் மரத்துப்போனால், வெளிறினால், காலை வரை பொறுக்காதீர்கள். தசைகளை மூடியிருக்கும் உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்தம் நுழைய முடியாமல் போகிற நிலை அது. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். நடுராத்திரியில் எழுப்பியதற்காக எந்த எலும்பு மருத்துவரும் உங்களைத் திட்ட மாட்டார். கட்டுக்குள் அரித்தால் குச்சி விட்டுச் சொறிவதும் வேண்டாம். உள்ளே புண்ணானால் வெளியே தெரியாது.

சரி, எலும்பு முறியாதவர்கள் கதைக்கு வருவோம். கால் பிசகி வருபவரிடம் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "எலும்பு உடையல, வெறும் சுளுக்குதான்" என்று சொல்லி அனுப்புகிறோம். அந்த "வெறும்" என்ற வார்த்தைதான் வில்லங்கம். கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் ஒன்று கிழிந்திருக்கிறது. அது திடமாக ஆறச் சாதாரணமாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். வீக்கம் பத்து நாளில் வடிந்ததும் ஆள் பழையபடி ஓட ஆரம்பித்துவிடுகிறார், மூன்றாவது மாதம் அதே கால் மறுபடி பிசகுகிறது. தசைநார் வெறும் கயிறு அல்ல, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அதில் இருக்கின்றன. கிழியும்போது அந்தத் தகவல் தொடர்பும் கெடுகிறது. கால் இருட்டில் நடக்கிற மாதிரிதான்.

இதைச் சரிசெய்ய எந்தக் கருவியும் வேண்டாம். ஊன்றும்போது வலி அடங்கிய பிறகு, பல் துலக்கும் நேரம் முழுக்க அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். ஒரு கை சுவர் அருகே இருக்கட்டும். முதல் நாள் பாதம் கிடுகிடுவென்று ஆடும். நல்ல காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே புரியும். இரண்டு காலும் ஒரே மாதிரி நிற்கும் வரை, அப்புறம் கண்ணை மூடியும் நிற்க முடியும் வரை, விளையாட்டுக்குத் திரும்ப அவசரப்படாதீர்கள்.

எக்ஸ்ரே எப்போது தேவை என்பதற்கு, கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் உருவான எளிய விதி ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ தொட்டால் வலித்தால், அல்லது அடிபட்டதும் பிறகு பரிசோதனையின்போதும் நாலு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால், படம் எடுக்க வேண்டும். பாதத்தின் நடுப்பகுதிக்கும் இதே போல இரண்டு இடங்கள் உண்டு. இந்த எதுவுமே இல்லையென்றால் முறிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

ஆனால் மணிக்கட்டில் எக்ஸ்ரேயை அவ்வளவு நம்பக் கூடாது. கையை ஊன்றி விழுந்த இளைஞருக்கு, கட்டைவிரலை விறைத்து நீட்டினால் அதன் அடியில் தெரிகிற சின்னக் குழியில் அழுத்தும்போது வலிக்கிறதா? முதல் நாள் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் அங்குள்ள படகு வடிவ எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதி பட்டினி கிடக்கும், சில வருடங்களில் மணிக்கட்டே தேய்ந்துபோகும். அதனால் சந்தேகம் இருந்தால் பட்டை போட்டு வைத்து, பத்து பதினான்கு நாளில் திரும்பப் படம் எடுக்க வேண்டும், வசதியிருந்தால் முன்கூட்டியே எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். "இரண்டு வருஷம் முன்னாடி சின்ன சுளுக்கு டாக்டர்" என்று ஆரம்பிக்கும் கதைகளில் எனக்கு மிகவும் வயிற்றெரிச்சல் தருவது இதுதான்.

முழங்கால் தேய்மானத்துக்கு வருகிறேன், என் அறைக்கு வருபவர்களில் பாதிப் பேர் இதற்குத்தான். "எலும்போட எலும்பு உரசுது, இனி மாடிப்படி ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டு உட்காருவார்கள். அதைச் சொன்னது எங்களில் ஒருவர்தான், மறுக்க முடியாது. அந்த ஒரு வாக்கியம் பலரை நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்துக்கும் வலிக்கும் நேர்க்கணக்குக் கிடையாது. படம் பயங்கரமாக இருந்தும் நடந்தே எங்கும் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். படத்தில் லேசான மாற்றம்தான், ஆனால் தூக்கம் போச்சு என்பவர்களும் இருக்கிறார்கள். முதுகுத்தண்டு ஸ்கேனும் அப்படித்தான். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளில் (டிஸ்க்) தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். நரை மாதிரிதான் அதுவும்.

மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் அதற்குச் சாப்பாடு. எடை ஏறும்போது பிழிபட்டும், இறங்கும்போது உறிஞ்சியும், ஸ்பாஞ்ச் போலத்தான் அது ஊட்டம் பெறுகிறது. அசையாத முழங்காலைப் பட்டினி போடுகிறோம். அதற்கு மேல் தொடையின் முன்தசை சூம்ப, அது தாங்க வேண்டிய அதிர்ச்சியெல்லாம் நேராக மூட்டில் இறங்குகிறது.

எல்லோருக்கும் நான் முதலில் கொடுப்பது ஒரே பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது. மெதுவாக உட்காருவதில்தான் சூட்சுமம். தொப்பென்று விழுந்தால் தசைக்கு வேலையே இல்லை. முடியாதவர்கள் இருக்கையின் மேல் கெட்டியான ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம், வாரம் போகப்போக எடுத்துவிடலாம். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் அந்த வலி வழக்கமான அளவுக்குத் திரும்பியிருந்தால் அளவு சரி. திரும்பாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. பலன் தெரிய ஆறேழு வாரமாவது ஆகும். பத்தாவது நாள் "ஒண்ணும் தெரியலையே" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எடையைப் பற்றிச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், ஆனாலும் சொல்லியாக வேண்டும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது. ஒரு நாளில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும். அந்த வாரங்களில் தசையை வளர்த்துக்கொண்டால் லாபம், அடிக்கடி போட்டுக்கொண்டே இருந்தால் நஷ்டம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் அளவு ஏறும், பார்த்துக்கொள்ள வேண்டும். துளைபோட்டு மூட்டைக் "கழுவிவிடும்" அறுவை சாதாரணத் தேய்மானத்துக்குப் பயன்படாது என்பது 2002-லேயே தெரிந்துவிட்டது. தோலில் மட்டும் கீறிப் பொய்யறுவை செய்தவர்களும் நிஜ அறுவை செய்தவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள். முழு மூட்டு மாற்று நல்ல சிகிச்சை. மாற்றிய முழங்கால்களில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குவதாகப் பதிவேடுகள் காட்டுகின்றன. எப்போது செய்வது? எக்ஸ்ரேயை வைத்து முடிவு செய்யாதீர்கள். ராத்திரி வலி எழுப்புகிறதா, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, பயிற்சி உண்மையாகவே மூன்று மாதம் செய்தாயிற்றா, இதுதான் கேள்வி. அறுவைக்கு முன் தசை பலமாக இருந்தவர்களே பின்னாலும் சீக்கிரம் நடக்கிறார்கள்.

தோள் இறுகிப்போய் வருபவர்களில் பலருக்கு அடியே பட்டிருக்காது. முதுகுப்பக்கம் கை போகாது, அடுத்தவர் தூக்கிவிட்டாலும் தூக்க முடியாது. பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள். இவர்கள் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிட வேண்டும், தோள்வலிக்கு வந்துதான் சர்க்கரையே தெரியவந்தது என்பவர்கள் உண்டு. ஒன்றிரண்டு வருடங்களில் பெரும்பாலும் தளர்ந்துவிடும். ஊசியும் பயிற்சியும் அந்தக் காலத்தைச் சகிக்கும்படி ஆக்கும்.

இதுவரை அசையுங்கள் அசையுங்கள் என்று சொல்லிவந்தேன். அசைக்காமல் ஓடிவர வேண்டியவையும் உண்டு. காய்ச்சலோடு ஒரே மூட்டு திடீரென்று சூடாகி வீங்கி, லேசாக அசைத்தாலே அலறவைத்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், குருத்தெலும்பைச் சில நாட்களில் அரித்துவிடும். முதுகுவலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போவதும், உட்காரும் இடம் மரத்துப்போவதும் அன்றே பார்க்க வேண்டியவை. கட்டுப் போட்ட அல்லது அறுவை செய்த காலில் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம்.

அந்த 58 வயதுக்காரருக்கு அடுத்து எழுதிக்கொடுத்தது எலும்பு அடர்த்திப் பரிசோதனை. நிற்கும் உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தால் அது பெரும்பாலும் எலும்பு மெலிந்ததன் அடையாளம், பத்துப் பதினைந்து வருடம் கழித்து இடுப்பு முறிவதற்கு முன்னால் கிடைக்கும் எச்சரிக்கை. அவருக்கு அடர்த்தி குறைந்துதான் இருந்தது, மாத்திரை ஆரம்பித்தோம். நான்காவது மாதம் வந்தபோது மேசையிலிருந்த என் பேனாவை எடுத்து இறுக்கிப் பிடித்துக் காட்டினார். சுண்டுவிரல் மட்டும் உள்ளங்கையைத் தொடாமல் அரை அங்குலம் தள்ளி நின்றது. "இது வந்துருமா?" என்றார். வரலாம், வராமலும் போகலாம், பயிற்சியை விடாதீங்க என்றேன்.

இப்போதெல்லாம் கட்டுப் போட்டதும் நான் எழுந்து போவதில்லை. மாவு இறுகியதும் கூட வந்தவரையும் பக்கத்தில் கூப்பிட்டு, "எங்கே, முஷ்டி பிடிச்சுக் காட்டுங்க" என்கிறேன். நாலு விரல் நுனியும் உள்ளங்கையைத் தொடும் வரை அடுத்த டோக்கனை அழைப்பதில்லை.