பர்சா: கோழிக்குள் ஒரு சுருக்குப்பை

பண்ணையில் செத்த குஞ்சை அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர் தவறாமல் தேடும் உறுப்பு பர்சா. எச்சம் வரும் துவாரத்துக்குச் சற்று மேலே, முதுகுப் பக்கமாக, கோலிக்குண்டு போல இருக்கும். ‘பர்சா வீங்கியிருக்கு’ என்று அவர் சொன்னால் பண்ணைக்காரர் முகம் வாடிவிடும். இளங்கோழிகளைத் தாக்கும் கம்போரோ என்ற தொற்றுநோயின் கிருமி குறிவைப்பது அதைத்தான்.

பர்சா லத்தீன் சொல். பை என்று பொருள். அதன் வேர் கிரேக்கத்தில் உரித்த தோலைக் குறித்தது. நாம் பணம் வைக்கும் பர்ஸும் அதே வழியில் வந்ததுதான். முழுப்பெயர் ‘ஃபேப்ரீசியஸ் பர்சா’. இத்தாலியின் பதுவாவில் உடற்கூறு கற்பித்த ஃபேப்ரீசியஸ் இதை விவரித்த நூல், அவர் இறந்தபின் 1621-இல் வெளிவந்தது. அப்புறம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல், இந்தப் பை எதற்கு என்று யாருக்கும் பிடிபடவில்லை.

1956-இல் அமெரிக்காவில் புரூஸ் கிளிக்கும் டிமத்தி சாங்கும் அதற்கான விடையை வெளியிட்டார்கள். குஞ்சிலேயே பர்சாவை எடுத்துவிட்ட கோழிகளுக்குக் கிருமியை ஊசியில் ஏற்றினால், பெரும்பாலானவற்றின் ரத்தத்தில் அதை எதிர்க்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டாகவில்லை! எதிர்ப்பொருளை உண்டாக்கும் ரத்த வெள்ளணுவை ‘பி செல்’ என்கிறோமே, அந்த ‘பி’ பர்சாவின் முதலெழுத்து. ஆங்கிலத்தில் எலும்புக்கும் அதே எழுத்து என்பதால், எலும்பு மஜ்ஜையைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கோழிக்குரிய பெருமையைக் கோழிக்கே கொடுப்போம்.

அடைகாக்கும் 21 நாளில், முதல் வாரத்திலேயே பர்சா அரும்பிவிடும். இரண்டாம் வாரத்தில், பி செல்களாக மாறப்போகும் மூலச்செல்கள் வந்து குடியேறும். பொரிந்த குஞ்சை முதல் சில வாரம் காப்பது, மஞ்சள் கரு வழியாகத் தாய் கொடுத்தனுப்பிய எதிர்ப்பொருள். அதற்குள் பர்சா வளர்ந்து, பி செல்களை உடலெங்கும் அனுப்பிக்கொண்டிருக்கும். கோழி பருவமடையும்போது சுருங்கிப்போகும். செம்மறிக் குட்டிக்குப் பர்சா கிடையாது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உள்ள நிணத்திட்டு, அதாவது நோயெதிர்ப்புச் செல்கள் கூடியிருக்கும் திட்டு, அந்த வேலையைச் செய்கிறது. அதுவும் கருவிலேயே உருவாகி, ஒன்றரை வயது வாக்கில் மறைந்துவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘ஃபேப்ரீசியஸ் பை’ தவறில்லை, ஆனால் எதையும் கண்ணுக்குக் காட்டாத பெயர். பர்சாவைப் பிளந்து பாருங்கள்: உள்ளே மடிப்பு மடிப்பாக, வாய் இறுக்கிய துணிப்பை போலவே இருக்கும். பாட்டி இடுப்பில் செருகியிருந்த அதே சுருக்குப்பை. வயதானால் சுருங்குகிறது என்பதும் அந்தப் பெயருக்குள்ளேயே வந்துவிடுகிறது. ‘சுருக்குப்பை வீங்கியிருக்கு’ என்று மருத்துவர் சொன்னால், பண்ணைக்காரர் எந்த இடம் என்று மட்டும்தான் கேட்பார்.