அமெரிக்கன் டைமண்ட்: சொல் விளக்கம்

வைரம் போல மின்னும் செயற்கைக் கல் ஒன்றை நகைக்கடையில் ‘ஏ.டி. கல்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். விரித்தால் அமெரிக்கன் டைமண்ட். வைரம் என்பது கரி. இதுவோ சிர்க்கோனியம் ஆக்சைடு. ‘அமெரிக்கன்’ என்பதும் வியாபாரிகள் ஒட்டிய அடைமொழிதான். அமெரிக்கர்கள் இதைக் கியூபிக் சிர்க்கோனியா என்கிறார்கள்.

இதைப் பெரிய படிகமாக வளர்க்கும் முறையை 1970-களில் செம்மைப்படுத்தியவர்கள் மாஸ்கோவின் லெபெதேவ் இயற்பியல் நிறுவனத்தார். இந்தப் பொருள் உருகச் சுமார் 2,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதைத் தாங்கும் மூசைக்கு, அதாவது உருக்கும் பாத்திரத்துக்கு, எங்கே போவது? தண்ணீர் ஓடும் செப்புக் குழாய்களுக்கு நடுவே தூளைக் கொட்டி, மின்காந்த அலையால் உள்ளே மட்டும் உருக்கினார்கள். குளிர்ந்த ஓரத்தில் உருகாமல் நின்ற தூளே மூசையாயிற்று. ஆறிய பிறகும் கனசதுரப் படிக அமைப்புக் குலையாதிருக்க இட்ரியம் ஆக்சைடு போன்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். ‘கியூபிக்’ என்பது அதைத்தான் குறிக்கிறது. ரஷ்யர்கள் நிறுவனத்தின் சுருக்கப் பெயரான ‘ஃபியான்’ என்பதிலிருந்து ‘ஃபியானிட்’ என்று பெயரிட்டார்கள். பிறந்த இடத்தை மறைக்காத பெயர்.

சுக்கிரனுக்கு உரியது வைரம் என்பது நவரத்தின மரபு. வைரம் வாங்க முடியாதவர்களுக்குச் சிர்க்கான் மோதிரம் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அந்தப் பெயரில் பல கடைகள் நீட்டுவது ஏ.டி. கல்லை. சிர்க்கான் மண்ணில் கிடைக்கும் சிலிக்கேட் கனிமம். இலங்கையின் மாத்தறையில் கிடைத்த நிறமற்ற சிர்க்கானும் ஒரு காலத்தில் ‘மாத்தறை வைரம்’ என்றே விலைபோனது. சோவியத் உலையில் பிறந்த கல்லுக்குச் சுக்கிர பலன் எந்த நூலிலிருந்து வந்ததோ, சொல்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? ‘அமெரிக்க வைரம்’ என்று மொழிபெயர்த்தால் பொய்யும் சேர்ந்தே தமிழாகிவிடும். ‘வெள்ளைக்கல்’ என்ற புழக்கச் சொல் நேர்மையானது, ஆனால் கண்ணாடிக்கல்லையும் அதுவே குறிக்கும். ரசீதில் ‘சிர்க்கோனியாக் கல்’ என்று எழுதலாம். அதைச் ‘சிர்க்கான்’ என்று சுருக்கிவிட்டால் வேறு கல். எடையையும் கவனியுங்கள்: ஒரே அளவுள்ள வைரத்தைவிட இது ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். காரட் என்பது கல்லின் எடையை அளக்கும் அலகு. ஆகவே ‘ஒரு காரட் அளவு’ என்று கடைக்காரர் சொன்னால், எந்தக் கல்லின் அளவில் என்று கேளுங்கள்.