ஐபி முகவரியில் முன்னால் நிற்கும் பூஜ்யம்

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிகளில் எடைத்தராசு, வருகைப்பதிவுக் கருவி, லேபிள் பிரிண்டர் எல்லாமே இப்போது நெட்வொர்க்கில்தான் ஓடுகின்றன. அவற்றோடு பேசும் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. "மெஷின் கிடைக்க மாட்டேங்குதுங்க" என்று போன் வந்தால், கேபிளைப் பார்க்கும் முன் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்த மெஷினுக்கு உரிய எண்ணை, எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன்.

ஒரு யூனிட்டில் பிரிண்டரின் முகவரி 192.168.010.025 என்று பதிவாகியிருந்தது. "மூணு மூணு எண்ணா இருந்தாத்தானுங்க வரிசையாத் தெரியும்" என்றார் சூப்பர்வைசர். கண்ணுக்கு அழகுதான். ஆனால் சி மொழியில் முகவரியைப் படிக்கும் பழைய செயற்கூறான இனெட்_ஏடான் (inet_aton), முன்னால் பூஜ்யம் வந்தால் அந்த எண்ணை எட்டின் அடிமானத்தில், அதாவது 0 முதல் 7 வரை மட்டுமே இலக்கங்கள் உள்ள முறையில், படிக்கும். 010 என்றால் 8, 025 என்றால் 21. பிரிண்டர் 192.168.10.25-இல் சும்மா கிடக்க, நிரல் 192.168.8.21-ஐத் தேடிக்கொண்டிருந்தது. லினக்ஸில் இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளையை அடித்தாலும் அங்கேதான் போகும். அதன் முதல் வரியிலேயே எங்கே போகிறது என்று காட்டிவிடும், அந்த வரியை யார் படிக்கிறார்கள்!

008 இன்னும் வேடிக்கை. எட்டின் அடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது. அதனால் பெயரையும் எண்ணையும் முகவரியாக மாற்றித் தரும் கெட்அட்ரின்ஃபோ (getaddrinfo) அதை எண்ணாக ஏற்காமல், ஏதோ ஹோஸ்ட்நேம் (கணினியின் பெயர்) என்று, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் கேட்கப் போகும். இணையம் இல்லாத நேரமென்றால் லினக்ஸில் வழக்கமான காத்திருப்பு 5 நொடி, அப்புறம் மறுமுயற்சி. அதுவரை திரை உறைந்து நிற்கும். பழி சாஃப்ட்வேர் மேல்.

இது தாமதத்தோடு முடிவதில்லை. எந்த முகவரிக்குப் போகலாம் என்று சோதிக்கும் ஒரு நிரல் 012.1.2.3 என்பதில் 012-ஐ 12 என்று படித்து வெளி முகவரி என அனுமதிக்கும். இணைக்கும் நிரலோ அதையே 10 என்று படித்து உள் நெட்வொர்க்குக்குள் போய்விடும். பைத்தான் மொழியில் முகவரிகளைக் கையாளும் ஐபிஅட்ரஸ் தொகுதி, பைத்தான் 3.9.5 முதல் இப்படிப்பட்ட பூஜ்யங்களை மறுத்துவிடுகிறது.

எண் மட்டுமே வர வேண்டிய இடத்தில் இனெட்_பிடான் (inet_pton) என்ற செயற்கூறைப் பயன்படுத்துங்கள். லினக்ஸில் அது முன்பூஜ்யத்தை ஏற்காது, டிஎன்எஸ்ஸுக்கும் போகாது. பெயர் வரலாம் என்றால் கெட்அட்ரின்ஃபோ தரும் பட்டியலில் முதல் முகவரி கிடைக்காவிட்டால் அடுத்ததை முயலுங்கள். லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினியைக் குறிக்கும் பெயர்) என்றால் பல கணினிகளில் புதிய வகையான ஐபிவி6 முகவரிதான் முதலில் வரும். சர்வரோ சில சமயம் பழைய வகையான ஐபிவி4-இல் மட்டும் காத்திருக்கும். இணைப்பு அறுந்தால் அந்தப் பெயருக்கான முகவரியை மறுபடி கேளுங்கள்.

ஆலைக்குள் இருக்கும் பிரிண்டருக்கு ரவுட்டரில் ஒதுக்கி வைத்த எண்ணே போதும். கிளவுட் சர்வருக்குப் பெயர்தான் வேண்டும். அங்கே எண்ணைப் போட்டால் பெரும்பாலும் சர்வர் யாரென்று உறுதிசெய்யும் டிஎல்எஸ் சான்றிதழோடு பொருந்தாது, இணைப்பு மறுக்கப்படும். உடனே சான்றிதழ் சோதனையையே அணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வரும் நிரலை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.