பட்ச்: போறணையிலிருந்து கணினிக்கு வந்த சொல்

ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தத்தில் இரண்டு கமராக்களால் எடுத்த படங்கள் கணினியில் குவிந்து கிடந்தன. ஒன்று 'டிஎஸ்சி 0417' என்று பெயரிட்டிருந்தது, மற்றது 'ஐஎம்ஜி 0417' என்று. "பட்ச் ரினேம் செய்யுங்கள், எல்லாப் பெயரையும் ஒரே தடவையில் மாற்றலாம், ஒரு நிமிட வேலை" என்றார் நண்பர். அந்த 'பட்ச்' (batch) மனதை விட்டுப் போகவில்லை.

ஆங்கிலத்தில் அது அடுப்படிச் சொல். வெதுப்புதலைக் குறிக்கும் பழைய வினையிலிருந்து பிறந்து, ஒரே தடவையில் வெந்து இறங்கும் பாண்களை முதலில் குறித்தது. போறணைக்குள் மரத்துடுப்பை விட்டுப் பாண் இழுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். (பாண், போறணை இரண்டுமே போர்த்துக்கீசர் வழி வந்தவை.) தரவைத் துளைகளாகப் பதித்த துளையட்டைகளைக் கட்டாகச் சேர்த்துக் கணினிக்குக் கொடுத்த காலத்தில் அச்சொல் அங்கும் நுழைந்தது.

தமிழில் என்ன சொல்வது? பாடநூல்கள் 'தொகுதி' என்கின்றன. மட்டக்களப்பில் அதைக் கேட்டால் கல்குடா, பட்டிருப்பு என்ற தேர்தல் தொகுதிகள்தான் நினைவுக்கு வரும். ஒரு தடவை அவித்தெடுக்கும் இட்டலியை 'ஓர் ஈடு' என்பார்கள். பொருளில் இதைவிட நெருங்கிய சொல் இல்லை. ஆனால் இங்கே ஈடு என்றால் கடனுக்கு வைத்த காணி. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அவர் பிறந்த மண்ணிலிருந்து 'பட்ச் ரினேம்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'ஒருசேரப் பெயர்மாற்றல்' என்றே எழுதுகிறேன்.

செயலையும் அது சரியாகச் சொல்கிறது. லரி வோல் 1987இல் வெளியிட்ட பெர்ல் என்ற நிரல்மொழியில் இதற்குச் சில வரிகள் போதும். நிரல் அடைவிலுள்ள (கோப்புறையிலுள்ள) பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கும். 'டிஎஸ்சி' வரும் இடத்தில் 'மாமாங்கம்' என்று வைக்கும். பிறகு பெயர்மாற்றும் கட்டளையை அழைக்கும். அக்கட்டளை ஒரு தடவைக்கு ஒரு கோப்பைத்தான் தொடும். ஒருசேர நடப்பது நாம் இடும் ஏவல்.

போறணையில் தீ மிஞ்சினால் அத்தனை பாணும் கருகும். 'டிஎஸ்சி', 'ஐஎம்ஜி' இரண்டையும் 'மாமாங்கம்' ஆக்கினேன். இரண்டு 0417களும் ஒரே பெயருக்கு வந்தன. லினக்ஸில் அக்கட்டளை கேள்வி எதுவும் கேட்காது. பழைய கோப்பு இருந்த இடத்தில் புதியதை வைத்துவிடும். தீர்த்தக்கரையில் அம்மா ஈரச் சேலையோடு நின்ற படம் அப்படித்தான் போனது. இப்போது அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியை முதலில் எழுதுகிறேன். பழைய பெயரையும் புதிய பெயரையும் திரையில் அச்சிட்டு, கடைசி வரை வாசித்த பிறகே மாற்ற விடுகிறேன்.