வெயில்பொட்டுக்குக் காத்திருக்கும் ஓலை

“கூடத்து மூலையில் இருந்த பார்லர் பாம் வாடுகிறதே என்று மொட்டை மாடியில் வைத்தேன். நாலே நாளில் ஓலை வெளுத்துவிட்டது. பனை இனத்துக்கு வெயில் ஆகாதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இந்தப் பனைக்கு ஆகாது. இதன் சொந்த ஊர் தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலாப் பக்கத்து மழைக்காடுகள். அங்கே மர உச்சியில் விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வரும். ஒளிச்சேர்க்கையில் வரும் சர்க்கரை, சுவாசத்தில் செலவாவதைவிடக் கூடினால்தான் செடி வளரும். இந்தப் பனை செலவைச் சுருக்கிக்கொண்டது: மெல்லிய ஓலை, மந்தமான சுவாசம்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். காற்றில் மேல்கிளை அசையும்போது ஒரு வெயில்பொட்டு கீழே விழுந்து, சில நொடிகளில் நகர்ந்துவிடும். இருட்டில் கிடந்த இலையால் உடனே வேகம் பிடிக்க முடியாது. இலைத்துளைகள் திறக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி விழிக்க வேண்டும். அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். ஆனால் விழித்த நொதி சட்டென்று தூங்கிவிடாது. அடுத்த பொட்டு விழும்போது இலை தயாராக இருக்கும். வெளிச்சம் போன பிறகும், சர்க்கரையாகும் வழியில் பாதியில் சேர்ந்திருக்கும் இடைப்பொருட்களை வைத்துச் சில நொடிகள் வேலை ஓடும். அடுப்பை அணைத்த பின்னும் மண்சட்டியில் குழம்பு கொதிக்குமே, அப்படி!

இப்படி வளர்ந்த ஓலைமேல் நாள் முழுக்க வெயில் கொட்டினால், பச்சையம் வாங்கும் ஒளியைச் செலவழிக்க வழியில்லை. மிஞ்சிய ஆற்றல் இலையின் உள்ளமைப்பையே சிதைக்கிறது. வெளுப்பு அதனால்தான்.

சரி, மூலையில் ஏன் வாடியது? வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ். கூடத்து மூலையில் சில நூறு தேறினாலே அதிகம். நம் கண் பழகிவிடுவதால் அந்த இருட்டு நமக்குத் தெரிவதில்லை. அங்கே செடி தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். தினமும் ஊற்றினால் வேர் அழுகும். நேர்வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள்.

அப்புறம், ‘நாசாவே சொன்ன காற்றுச் சுத்திகரிப்பான்’ என்று செடி விற்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. 1989இல் வந்த அந்த ஆய்வு, மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. வீட்டில் ஜன்னலைத் திறந்து வைப்பது, நாலைந்து தொட்டிகளைவிட எத்தனையோ மடங்கு காற்றைச் சுத்தமாக்கும்.

வெளுத்த ஓலை மறுபடி பச்சையாகாது. ஆனால் குருத்தைத் தொடாதீர்கள். தென்னையைப் போலவே ஒரு தண்டுக்கு ஒரே குருத்துதான். நிழலுக்கு வந்த பிறகு அது பச்சையாக விரிகிறதா என்று பாருங்கள்.