ரூன் குறி: ஜோதிடம் என்று சொல்லலாமா?

ஒரு சின்னத் துணிப்பை. உள்ளே மரத்துண்டுகளோ கூழாங்கற்களோ இருக்கும். ஒவ்வொன்றிலும் நேர்கோடுகளால் கீறிய ஓர் எழுத்து. மனதில் கேள்வியை நினைத்துக்கொண்டு பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தால், வந்த எழுத்தை வைத்துப் பலன் சொல்வார்கள். இதைத் தமிழில் ‘ரூன் ஜோதிடம்’ என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. வானத்து ஜோதிகளின் நிலையைக் கணக்கிட்டுச் சொல்வது ஜோதிடம். இங்கே கிரகம் கிடையாது, ராசி கிடையாது, பிறந்த நேரத்தை யாரும் கேட்பதில்லை. அப்படியிருக்க அந்தச் சொல் எதற்கு?

முதலில் ரூன் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அது எழுத்து. லத்தீன் எழுத்து பரவுவதற்கு முன்பு வட ஐரோப்பாவின் ஜெர்மானிய இனத்தார் தங்கள் மொழிகளை எழுதிய எழுத்துமுறை. மிகப் பழைய வரிசையில் 24 எழுத்துகள். முதல் ஆறின் ஒலிகளைச் சேர்த்து அந்த வரிசையை ‘ஃபுதார்க்’ என்பார்கள். ஸ்வீடனின் காட்லாந்து தீவில் கிடைத்த, சுமார் கி.பி. 400-ஐச் சேர்ந்த கில்வர் கல்லில் இந்த வரிசை அப்படியே வெட்டப்பட்டிருக்கிறது. அதைவிடப் பழையது டென்மார்க்கின் விமோசா என்ற இடத்தில் கிடைத்த சீப்பு. கி.பி. 160 வாக்கைச் சேர்ந்த அந்தச் சீப்பில் இருப்பது ‘ஹர்யா’ என்ற ஒரே ஒரு சொல். அப்புறம் ஒவ்வோர் எழுத்துக்கும் பொருளுள்ள ஒரு பெயர் உண்டு. முதல் எழுத்தின் பெயர் ‘ஃபெஹு’. கால்நடை, செல்வம் இரண்டையும் அது குறிக்கும். நம் ‘மாடு’ என்ற சொல்லுக்கும் செல்வம் என்ற பொருள் இருப்பது நினைவுக்கு வருகிறதல்லவா?

எழுத்தின் உருவத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நெட்டுக்கோடும் சாய்கோடும்தான் இருக்கும், படுக்கைக்கோடு அநேகமாக இருக்காது. மரத்தில் கத்தியால் கீறும்போது படுக்கைக்கோடு மரத்தின் நார் ஓடும் திசையிலேயே போய் மறைந்துவிடும், அல்லது மரம் பிளந்துகொள்ளும். அதனால் நாரைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கோடுகளாகவே எழுத்தை அமைத்துக்கொண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

சரி, ‘ரூன்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் பைபிளை, ஜெர்மானிய மொழிகளில் ஒன்றான கோதிக்கில் பெயர்த்தார். மாற்கு 4:11-இல் இறையாட்சியின் ‘மிஸ்தேரியோன்’ என்று கிரேக்கத்தில் வரும் இடத்தில் அவர் போட்ட சொல் ‘ரூனா’. அதே வசனத்தில் அதே சொல்லுக்குத் தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பு தருவது ‘மறைபொருள்’. பழைய மொழிபெயர்ப்பில் ‘இரகசியம்’. ஆக, ரூன் என்பதன் வேர்ப்பொருள் நம் ‘மறை’தான். பழைய ஐரிஷ் மொழியில் ‘ரூன்’ என்றாலே இரகசியம். ஜெர்மன் மொழியில் ‘ரௌனன்’ என்றால் காதோடு காதாகச் சொல்வது. ஜெர்மானிய மொழியிலிருந்து ஃபின்னிஷ் மொழிக்குப் போன ‘ரூனோ’ அங்கே பாட்டு, கவிதை என்று பொருள் கொண்டது.

அப்படியானால் ‘மறையெழுத்து’ என்றே மொழிபெயர்த்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் பொருந்தாது. நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில், பிரிகன் பகுதியில், 1955 தீவிபத்துக்குப் பிறகு தோண்டியபோது ரூன் கீறிய குச்சிகளும் பிற பொருள்களுமாக அறுநூற்றுக்கு மேல் கிடைத்தன. சரக்கு யாருடையது என்று காட்டும் பெயர்ச்சீட்டுகள், காதல் வரிகள், வேண்டுதல்கள் எல்லாம் அதில் உண்டு. ஒரு குச்சியில் இருக்கும் செய்தி: “உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள் கிதா.” இதை ‘மந்திர எழுத்து’ என்றோ ‘மறையெழுத்து’ என்றோ எப்படிச் சொல்வது? பிராமியைப் பிராமி என்பதுபோல ரூனை ‘ரூன் எழுத்து’ என்று வைத்துக்கொள்வதே முறை. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பவர்கள் ‘உரூன்’ என்று எழுதலாம், தப்பில்லை.

இனி குறிக்கு வருவோம். ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ், கி.பி. 98 வாக்கில் எழுதிய ‘ஜெர்மானியா’ நூலில், ஜெர்மானியர் சீட்டுப் போட்டுப் பார்க்கும் முறையை விவரிக்கிறார். காய் காய்க்கும் மரத்திலிருந்து ஒரு கிளையை வெட்டி, சிறு சிறு துண்டுகளாக்குவார்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அடையாளம் இட்டு, வெள்ளைத் துணியின் மேல் தோன்றியபடி வீசுவார்கள். ஊர்க் காரியமானால் பூசாரி, வீட்டுக் காரியமானால் குடும்பத் தலைவர், தெய்வத்தை வேண்டி, வானத்தைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாக மூன்று துண்டுகளை எடுப்பார். அவற்றில் உள்ள அடையாளத்தை வைத்துப் பலன் சொல்வார். ‘வேண்டாம்’ என்று வந்தால் அன்றைக்கு அதே காரியத்தைப் பற்றி மறுபடி கேட்கக் கூடாது. ‘ஆகட்டும்’ என்று வந்தாலும், பறவைச் சகுனம் போன்ற வேறொன்றால் உறுதிசெய்ய வேண்டும்.

அவருக்கும் முன்னால், கி.மு. 58-இல், சீசர் அனுப்பிய புரோசில்லஸ் என்ற தூதரை ஜெர்மானியர் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். இப்போதே எரிப்பதா, பிறகு பார்த்துக்கொள்வதா என்று அவர் கண்முன்னாலேயே மூன்று முறை சீட்டுப் போட்டிருக்கிறார்கள். மூன்று முறையும் சீட்டு அவரைக் காப்பாற்றியது. மீட்கப்பட்ட பின் அவரே சொன்னதாக சீசர் எழுதியிருக்கிறார்.

டாசிடஸ் அந்த அடையாளங்களுக்குச் சொல்லும் லத்தீன் சொல் ‘நோட்டா’. அதற்கு நேரான தமிழ்ச் சொல் ‘குறி’. தமிழில் குறி என்றால் இட்ட அடையாளம், குறி என்றால் வருவதைச் சொல்லும் வாக்கு. குறி போட்ட துண்டை எடுத்துக் குறி சொல்வதை இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல எனக்கு வேறு சொல் தெரியவில்லை. பொருளை வீசியோ எண்ணியோ குறி பார்ப்பது நமக்கும் புதிதல்ல. சங்கப் பாடல்களில் தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறிய முருகன் பூசாரியான வேலன் கழங்கு என்னும் காய்களை வைத்துக் குறி பார்ப்பான், குறி சொல்லும் பெண்ணான கட்டுவிச்சி நெல்லை வைத்துக் கட்டுப் பார்ப்பாள். கோயிலில் திருவுளச்சீட்டு இன்றும் எடுக்கிறோம். ஆகவே ‘ரூன் குறி’, ‘ரூன் குறி பார்த்தல்’ என்று எழுதினால் போதும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டாசிடஸ் பார்த்த குறிகள் ரூன் எழுத்துகள்தாம் என்பதற்கு உறுதி இல்லை. நிச்சயமாகப் படிக்கக்கூடிய ரூன் எழுத்துகள் அவர் காலத்துக்குப் பிறகே கிடைக்கின்றன. காற்றடிக்கும் மரத்தில் ஈட்டிக் காயத்தோடு ஒன்பது இரவு தொங்கி ஓடின் தெய்வம் ரூன்களைப் பெற்றதாக, ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் உள்ள ஒரு பாடல் சொல்கிறது. பையிலிருந்து எழுத்தை எடுத்துப் பலன் பார்த்ததாக அது சொல்லவில்லை.

இன்று நாம் காணும் முறை மிகச் சமீபத்தியது. ஆஸ்திரிய எழுத்தாளர் கைடோ ஃபான் லிஸ்ட், 1902-இல் கண் அறுவைக்குப் பிறகு சில மாதங்கள் பார்வையின்றி இருந்தபோது தனக்கு ரூன்களின் உட்பொருள் விளங்கியதாகச் சொல்லி, 1908-இல் 18 ரூன்கள் கொண்ட தனி வரிசையை வெளியிட்டார். அந்தப் போக்கை நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள். எஸ்.எஸ். படையின் இரட்டை மின்னல் சின்னம் அந்த வழியில் வந்ததுதான். பைக்குள் கைவிட்டு எடுக்கும் வழக்கத்தை 1982-க்குப் பிறகு உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் அமெரிக்கரான ரால்ஃப் ப்ளம். 24 எழுத்துகளோடு எதுவும் எழுதாத ஒரு வெற்றுத் துண்டையும் 25-ஆவதாகச் சேர்த்தவர் அவர். பழைய கல்வெட்டு எதிலும் அதற்கு இடமில்லை.

கடைசியாக இன்னொரு குழப்பம். ‘ரூன் கல்’ என்று பையில் இருக்கும் கூழாங்கல்லையும் சொல்கிறார்கள், ஸ்வீடனின் வயல்வெளிகளில் ஆள் உயரத்துக்கு நிற்கும் கற்களையும் சொல்கிறார்கள். இரண்டாவதற்கு நம்மிடம் ‘நடுகல்’ என்ற சொல் இருக்கிறது. அந்தக் கற்களில் பெரும்பாலானவை இறந்தவருக்காக உறவினர் நட்டவை. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோக் கல்லில் சுமார் 760 எழுத்துகள் உண்டு. பெரும்பகுதிக்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தொடக்கம் மட்டும் தெளிவாக இருக்கிறது: வாமோத் நினைவாக நிற்கின்றன இந்த ரூன்கள், இறந்த மகனுக்காக இவற்றை எழுதியவன் தந்தை வாரின்.