சர்வே நாளன்று வீடு பூட்டியிருந்தால்

ஆந்திராவின் சத்தியவேடு, நாகலாபுரம் பக்கத்து ஊர்களில் பொழுது விடியும் முன்பே பெண்கள் கிளம்பிவிடுவார்கள். ஷேர் ஆட்டோ பிடித்து எல்லை தாண்டினால் தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டை. அந்தப் பக்கம் நடவு, களையெடுப்பு, சித்தாள் வேலை. வீடு திரும்ப இருட்டிவிடும். கணக்கெடுக்கப் போகும் நாங்களோ காலை பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கி, நாலு மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடுவோம்.

பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். சாலையோ தொழிற்பேட்டையோ தண்ணீர்க் குழாயோ, எது வந்தாலும் யார் வீடு போகிறது, யார் பிழைப்பு போகிறது என்று படிவம் நிரப்புவது என் பொறுப்பு. ஒரு சாலை விரிவாக்கத்தில், புறம்போக்கில் இருந்த ஒரு கொட்டாய்க்கு நேராக "கதவு பூட்டியுள்ளது, ஆள் இல்லை" என்று நானே எழுதினேன். மறுபடி போய்ப் பார்க்கவில்லை. எட்டு மாதம் கழித்து இழப்பீட்டுப் பட்டியல் ஒட்டிய அன்று அந்த வீட்டு ஆயா என் எதிரில் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, அன்னிக்கி நான் களையெடுக்கப் போயிருந்தேன். ஊட்டுல ஆளில்லன்னா ஊடே இல்லன்னு ஆயிடுமா?"

என்னிடம் பதில் இல்லை. பெயர் பதியக் கடைசி நாளான கட்-ஆஃப் தேதி தாண்டியிருந்தது. கரண்ட் பில், ரேஷன் கார்டு, அக்கம்பக்கத்தார் கையெழுத்து எல்லாம் சேர்த்து மனு மேல் மனு போட்டு, கொட்டாய்க்குப் பணம் வாங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அவர் தண்ணீர் ஊற்றி வளர்த்த ஏழு புளியமரங்களுக்கு வாங்க முடியவில்லை. அதற்குள் வெட்டிவிட்டிருந்தார்கள். எண்ணிக் காட்ட மரம் இல்லை.

இந்த வட்டாரத்துக்குப் பெரிய கடன்கள் வந்துகொண்டிருக்கின்றன. விசாகப்பட்டினம்–சென்னை தொழில் வழித்தடத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2016-இல் 63.1 கோடி டாலர் கடனும் மானியமுமாக ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளம். ஏர்ப்பேடு–காளஹஸ்தி அதன் தொழில் மையங்களில் ஒன்று. இப்படிக் கடன் வரும்போது வங்கியின் நிபந்தனைகளும் கூடவே வருகின்றன. நான் போன ஊர்களில் அந்த நிபந்தனைகளைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலர்.

அவற்றில் முக்கியமானது இது: பட்டா இல்லாதவருக்கும் உரிமை உண்டு. இந்த வங்கியின் 2009 பாதுகாப்புக் கொள்கைப்படி புறம்போக்கில் இருப்பவருக்கு நிலத்தின் விலை கிடைக்காது. ஆனால் அதன் மேல் கட்டிய வீடு, வெட்டிய கிணறு, வைத்த மரம், நிற்கும் பயிர் எல்லாவற்றுக்கும் இழப்பீடு தர வேண்டும். பழைய வீடு என்று தேய்மானம் கழிக்கக் கூடாது. அதே மாதிரி வீட்டை இன்று புதிதாகக் கட்ட என்ன செலவாகுமோ அதைத் தர வேண்டும். பணம் கைக்கு வந்த பிறகுதான் ஆளைக் கிளப்பலாம். 2026 முதல் புதிய விதிமுறை வந்திருக்கிறது என்றாலும், முன்பே தொடங்கிய திட்டங்களுக்கு இந்தக் கொள்கைதான். நம் நாட்டின் 2013 நிலச் சட்டமும், மூன்று வருடமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரையும் கூலிக்காரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே கருதுகிறது.

இத்தனைக்கும் அடிப்படை, அந்தக் கட்-ஆஃப் தேதிக்குள் பதிவேட்டில் பெயர் ஏறுவதுதான். ஊரில் அளவுக்கல் நட்டாலோ, கிராம சச்சிவாலயத்தில் நோட்டீஸ் ஒட்டினாலோ உடனே தேதியைக் கேளுங்கள். அன்றைய கூலி போனாலும் வீட்டில் ஒருவர் இருங்கள். வீடு, மரம், வீட்டு ஆள் மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி போனில் எடுத்து வையுங்கள். ஆடு மேய்க்கிற புறம்போக்கும், ஏரியில் மீன் பிடிக்கிற பிழைப்பும்கூடப் படிவத்தில் ஏற வேண்டியவை. நாங்கள் கேட்கவில்லை என்றாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

அடுத்தது மொழி. 1960-இல் எல்லை மாறியபோது செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி ஆந்திராவுக்கு வந்தது. இன்றும் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. வயதானவர்களில் பலருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. படிவம் தெலுங்கில் இருக்கும், முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். பாதிக்கப்படுபவருக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும் என்பதுதான் வங்கியின் விதி. அது மாநில மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். படித்துக் காட்டாத தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

மனிதர்கள் விடுபடுவது போலவே தண்ணீரும் விடுபடுகிறது. சுற்றுச்சூழல் ஆய்வுக்குப் பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில்தான் விவரம் சேகரிக்கிறார்கள். சித்திரை வெயிலில் வரத்துக்கால்வாய் வெறும் புதர்ப்பள்ளமாகத் தெரியும், வரைபடத்தில் ஏறாது. ஐப்பசியில் ரோட்டுக்கரை தண்ணீரை மறிக்கும். அந்தப் பக்கம் ஏரி நிரம்பாது. சிறுபாலம் எங்கே வேண்டும் என்று மடை திறக்கிற ஆளுக்குத்தான் தெரியும். பொது விசாரணைக் கூட்டத்துக்கு அவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

மனிதர்கள் இப்படி விடுபடுவது குஜராத்தின் முந்திராவிலும் நடந்தது. அங்கே ஒரு அனல்மின் நிலையத்துக்கு உலக வங்கிக் குழுமத்தில் தனியார் துறைக்குக் கடன் தரும் பிரிவான ஐ.எஃப்.சி. 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. வருடத்தில் சில மாதங்கள் கடற்கரையில் குடிசை போட்டுத் தங்கி மீன்பிடிக்கும் குடும்பங்கள் உரிய கவனம் பெறவில்லை. அவர்கள் புகார் கொடுத்தார்கள், ஐ.எஃப்.சி.யின் குறைகேட்பு அமைப்பே தணிக்கை செய்து அந்தக் குறையைப் பதிவு செய்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு வழக்குகளிலிருந்து முழு விலக்குரிமை கிடையாது என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. பிறகு கீழ் நீதிமன்றத்தில் அந்த வழக்கு வேறு காரணத்தால் தள்ளுபடியானது. அந்தக் குடும்பங்களுக்கு அதனால் பணம் கிடைக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே புகாரைச் சீக்கிரம் கொடுங்கள். ஆசிய வளர்ச்சி வங்கியின் பொறுப்புக்கூறல் அமைப்புக்கு, பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தால் எழுதலாம். பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். திட்டத்தின் கடன் கணக்கு மூடப்படும் தேதிக்குப் பின் இரண்டு ஆண்டுவரை அவகாசம் உண்டு. உறுப்பு நாடுகளின் ஆட்சிமொழி எதிலும் எழுதலாம். உறுப்பு நாடான இலங்கையின் ஆட்சிமொழிகளில் ஒன்று தமிழ், அதனால் தமிழிலேயே எழுதலாம். புகார் எழுதும் முன் வங்கியின் திட்டப் பிரிவிடம் சொல்லித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும். அதனால் தாசில்தார் ஆபீஸிலும் குறைதீர்ப்புக் குழுவிலும் வங்கியிடமும் கொடுத்த ஒவ்வொரு மனுவின் நகலையும், தேதி முத்திரை குத்திய ஒப்புகைச் சீட்டோடு பத்திரமாக வைத்திருங்கள்.